அனுபவம்: நாற்பதுக்குப் பூஜ்யம்

விடியற்காலை ஐந்து மணிக்கே அமிர்தத்தின் கைகள் வெந்நீரில் கிடந்தன. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைக்கூடம். ரத்தமும் சீழும் காய்ந்த விரிப்புகளைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து, கசக்கி, அலசிப் பிழிய வேண்டும். பதின்மூன்று வருடமாகப் பதினாறு பெண்கள் செய்யும் வேலை. காண்ட்ராக்டர் ஸ்ரீதர் ஒரு தலையணை உறையைக்கூட நனைத்தவரில்லை.

இந்த முறை டெண்டரில் பெண்களும் சங்கம் வைத்து விலைப்புள்ளி போட்டிருந்தார்கள். ஜெயித்தால் வேலை அவர்களுடையது. தோற்றால் ஸ்ரீதரின் தயவு. அது எப்படிப்பட்ட தயவு என்று அவர்களில் ஒருத்தியான முபீனாவுக்குத் தெரியும். பாய்லர் ஆவியில் அவள் கை முழங்கை வரை வெந்தபோது, "வூட்ல கஞ்சி கொட்டிடுச்சுன்னு சொல்லு" என்றவர் அந்த மகராசன்.

பத்து மணிக்கு நிர்வாக அதிகாரி ரேகா மதிப்பெண் தாளை வாசித்தார். விலையில் சங்கத்துக்கு முழு மதிப்பெண். பெண்கள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அனுபவம். ஸ்ரீதர், நாற்பதுக்கு நாற்பது. சங்கம், பூஜ்யம்."

"பதிமூணு வருஷமா நாங்கதான மேடம் தொவைக்கிறோம்?" என்றாள் அமிர்தம்.

"செஞ்சது நீங்கதாம்மா. சர்டிபிகேட் அவர் பேர்ல இருக்கு. அடுத்தது பாதுகாப்பு. விபத்தே இல்லன்னு அவர் எழுதியிருக்கார், முப்பது. உங்க விண்ணப்பத்துல ஒரு விபத்து இருக்கு. பூஜ்யம்."

முபீனாவின் கை வெந்ததை விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதியது அமிர்தம்தான்.

"வேலை அவரு பேர்ல, வெந்த கை மட்டும் எங்க பேர்லயா?" என்றாள் அவள்.

"டெண்டர் ஸ்ரீதருக்கு" என்று ரேகா தாளை மடித்தார். ஸ்ரீதர் எழுந்தார்.

"பதினாலு பேரு போய் வேலையப் பாருங்க. கூலி கொஞ்சம் கொறையும். அமிர்தமும் முபீனாவும் வேணாம்."

"நீங்க போங்கக்கா, புள்ளைங்க இருக்கு" என்றாள் முபீனா மற்றவர்களிடம். யாரும் நகரவில்லை. அந்தப் பதினான்கு பேரில், ஸ்ரீதரைக் கண்டாலே நடுங்கும் ஸ்ரீமதிதான் வாய் திறந்தாள்.

"எங்களுக்குத்தான் அனுபவமே இல்லியே சார். ஆபரேசன் துணிய நாங்க எப்படித் தொவைக்கிறது? நாப்பது வாங்குன நீங்களே தொவைங்க."

இன்றைய விரிப்புகள் விடியலிலேயே வெளுத்து அடுக்கியாகிவிட்டன. நாளைக்குத்தான் இல்லை. பதினாறு பேரும் சலவைக்கூட வாசலில் உட்கார்ந்தார்கள். டெண்டர் முடிவுக்கு ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் இருந்தது. அமிர்தம் மனு எழுத ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து ஸ்ரீதர் எட்டிப் பார்த்தார்.

"சோடா எவ்ளோம்மா போடணும்?"

அமிர்தம் அந்தக் கேள்வியையும் மனுவில் எழுதினாள்.