பெட்ரோல் தீர்ந்த வண்டி

செண்பகத்தோப்பில் ஒரு மாந்தோப்புக்குள் இரண்டு நாள் போய்த் தங்கலாம் என்று நான் சொன்னபோது ஜெயபாய் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வண்டி நிப்பாட்ட கூரை போட்ட எடம் இருக்கா?"

கட்டில் இருக்கிறதா, பாத்ரூமில் தண்ணீர் வருமா, சமைக்க அடுப்பு உண்டா என்றெல்லாம் கேட்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருடம் முடிகிறது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அவள் கவலை நியாயமானதுதான். ஐப்பசி மாதம், மலை அடிவாரம், மழை எந்த நேரமும் இறங்கும். மழையைக்கூடச் சமாளித்துவிடலாம். குரங்குகளை என்ன செய்வது? எங்கள் மில்லில் வேலை பார்க்கும் ஒருவன் போன மாதம் அய்யனார் கோவில் அருவிக்குப் போய்விட்டு, பைக் சீட்டைக் குரங்குகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் தகட்டின்மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தான். இரண்டு நாள் நின்றுகொண்டேதான் வேலை பார்த்தான். அதை ஜெயபாயும் பார்த்தாள்.

தோப்பை ஏற்பாடு செய்தது என் அண்ணன் தவசிமுத்து. அவருடைய சிநேகிதர் ஒருவரின் தோப்பு அது. அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"எல்லாம் இருக்குலே. தோப்பப் பாத்துக்கிடுத கருத்தப்பாண்டிகிட்ட சொல்லிட்டேன். ஒன் புல்லட்ட சொகமா நிப்பாட்டலாம். நானும் காரை எடுத்துட்டு முன்னாலயே வந்திருதேன்" என்றார்.

உன் புல்லட். எல்லாக் கோளாறும் அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் இருந்தது.

புல்லட் ஜெயபாயுடையது. ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர், லைசென்ஸும் அவளுடையது. கான்சாபுரத்தில் அவள் அப்பா ஒரு ஜாவா பைக் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அதைக் களத்தைச் சுற்றி ஓட்டியவள். பிறகு கல்யாணம், மில், பிள்ளை என்று வருடங்கள் ஓடிவிட்டன. எங்கள் மகள் ஹெப்சிபாவுக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்த வாரமே, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய் வண்டிக்குப் பதிந்துவிட்டு வந்தாள். ஸ்பின்னிங்கில் இன்று அவள் சூப்பர்வைசர். வண்டி வந்த முதல் நாள், இரண்டாம் ஷிப்டுக்கு அந்தப் பச்சை வண்டியில் அவள் மில் கேட்டுக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு விம்மியது. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அன்று எனக்கும் சேர்த்துத்தான் நின்றார் என்று வைத்துக்கொண்டேன்.

ஆம், பின்னால்தான் உட்காருவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. மில்லில் நான் பிட்டர். நின்ற இடத்தில் ஓடுகிற எந்த மிஷின் பழுதானாலும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வேன். இடம் விட்டு நகர்கிற மிஷினை ஓட்டச் சொன்னால் விலகிப் போய்விடுவேன். அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது. என்னை வளர்த்தது அண்ணன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.டி. வாத்தியாராக இருந்தார். எனக்குப் பத்தொன்பது வயதானபோது பள்ளிக்கூட மைதானத்தில் தன் ராஜ்தூத் பைக்கில் ஏற்றி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். நான் நேராகப் போய்க் கோல் கம்பத்தில் மோதினேன். அவ்வளவு பெரிய மைதானத்தில் நட்டிருந்தது மொத்தம் நாலே நாலு கம்பங்கள். பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

புல்லட் வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணுவதற்காகச் சர்ச்சுக்குக் கொண்டுபோனோம். போதகருக்கு வசதியாக நான் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் உள்ளே வந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அவர் கண் கலங்கிவிட்டது. "எந் தம்பி. கோல் போஸ்ட்ல போய் முட்டுனவன். இன்னைக்கு புல்லட் வாங்கிட்டான்" என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னார். நான் ஜெயபாயைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே சும்மா இருங்கள் என்றாள். அடுத்த ஞாயிறு அண்ணன் தன் சபையில் எழுந்து, கர்த்தர் என் தம்பியின் பயத்தை எடுத்துப்போட்டார் என்று சாட்சியே சொல்லிவிட்டார். சபையில் சொன்ன சாட்சியை எப்படித் திருத்துவது?

அதிலிருந்து ஆரம்பித்தது இந்தப் பழக்கம். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தெரு முக்கில் ஜெயபாய் வண்டியை நிறுத்துவாள். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் தருவாள். நான் அதை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன், அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். "பெட்ரோல் தீந்துட்டுண்ணே" என்பேன். திரும்பும்போதும் அப்படியே. பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று முக்கு வரைக்கும் தள்ளுவேன். இரண்டு வருடமாக எங்கள் வண்டிக்கு அந்தத் தெரு முக்கில்தான் பெட்ரோல் தீர்கிறது. ராஜபாளையத்தில் ஊரே பார்க்க அவள் ஓட்டுகிறாள். அரை மணி நேர தூரத்தில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்தச் செய்தி போகாமலா இருந்திருக்கும்? அண்ணன் காதில் விழுந்திருக்கும். அவர் நம்பியிருக்க மாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் தோப்புக்கு முந்தின வளைவில் ஜெயபாய் வண்டியை நிறுத்தினாள். மலைமேல் மேகம் கருத்துக் கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள், ஆனால் என் கையில் தரவில்லை. வண்டியின் சீட்டில் வைத்தாள்.

"இதான் கடைசி" என்றாள்.

"சரி" என்றேன்.

"ஒங்க அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு நானும் இம்புட்டு நாளு நடந்தேன். இனி நடக்க மாட்டேன்."

மணல் பாதையில் புல்லட்டைத் தள்ளுவது தண்டனை. தோப்புக்குள் நுழையும்போது என் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அண்ணன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கூடவே கருத்தப்பாண்டி. "இன்னைக்குமா?" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இடம் பார்க்க ஆரம்பித்தோம். நாங்கள் தங்கும் அறைக்கு முன்னால் ஒரு சின்னச் சார்ப்பு இருந்தது, ஆனால் நாலு படி ஏற வேண்டும். அடுத்தது மோட்டார் ரூம். கதவைத் திறந்து நுழைத்துப் பார்த்ததில் ஹேண்டில் இரண்டு பக்கமும் இடித்தது. ஜெயபாய் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "நாலு விரக்கடை பத்தல" என்றாள். மாட்டுத்தொழுவத்தில் மூன்று நாளைக்கு முன்னால் கன்று போட்ட பசு நின்றது. புல்லட்டைப் பார்த்ததும் அது தலையைத் தாழ்த்திய விதம் எனக்கே பிடிக்கவில்லை. இதற்குள் மாமரத்தில் ஏழெட்டுக் குரங்குகள் வந்து உட்கார்ந்துவிட்டன. எந்த அவசரமும் இல்லாமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்ப கொப்பரைக் கொட்டகைதான் அண்ணாச்சி" என்றான் கருத்தப்பாண்டி. "தகரம் போட்டிருக்கு, சுத்தி வலை அடிச்சிருக்கு. ஒரு குரங்கு நுழையாது."

கொட்டகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் இரண்டு தென்னந்தடிகளைச் சேர்த்துப் போட்டு, இடையில் மண் அடைத்திருந்தார்கள். அவ்வளவுதான் பாலம். கீழே மலைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வண்டியின் சக்கரம் போகலாம். பக்கத்தில் ஆள் நடந்து தள்ளிக்கொண்டு போக இடமே கிடையாது.

"ஓட்டித்தான் போகணும்" என்றான் கருத்தப்பாண்டி. "நான் தேங்கா மூடைய வச்சு எக்ஸெல் மொபெட்ல தெனம் போறேன். பயப்படாம நேரா விட்டா போயிரும்."

"அவனுக்கென்ன பயம்?" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் காரைத் திறந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதில் தண்ணீர் இல்லை, பெட்ரோல். "ஒவ்வொரு தடவையும் நீ தள்ளிட்டு வாரதப் பாத்து எனக்கு மனசு கேக்கல. இந்தத் தடவை கையோட வாங்கிட்டு வந்துட்டேன். சாவியக் கொண்டா."

சாவியை நீட்டினேன். அண்ணன் டாங்கின் மூடியைத் திறந்து, பாட்டிலைச் சாய்க்கப் போனவர் அப்படியே நின்றார். காலையில்தான் ஜெயபாய் ராஜபாளையத்தில் நிரப்பியிருந்தாள். கழுத்து வரை தளும்பிக்கொண்டிருந்தது.

"நெறஞ்சுல்லா கெடக்கு" என்றார்.

பெட்ரோல் குழாயில் அடைப்பு என்று சொல்லியிருக்கலாம். நான் பிட்டர், நான் சொன்னால் நம்புவார். தூசி, அடைப்பு, காற்று ஏறிக்கொண்டது என்று பொய் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அடைப்பு என்று சொன்னால் வண்டி இன்றிரவு இங்கேயே, மழையில், மாமரத்துக்கு அடியில் நிற்கும். ஜெயபாய் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தென்னந்தடியின்மேல் ஒரு காலை வைத்து அழுத்தி, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் கடைசி என்று சொன்னவள், அதைச் சொல்கிற வேலையை என்னிடம் விட்டிருந்தாள்.

"அண்ணே, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்றேன்.

அண்ணன் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்தார்.

"வண்டி அவளுது. ஓட்டுறதும் அவதான். ராஜபாளையத்துலருந்து இந்த வளைவு வரைக்கும் அவதான் ஓட்டிட்டு வந்தா. நான் முக்குல எறங்கித் தள்ளிட்டு வருவேன்."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமா."

"ஏலே, நான் சபையில சாட்சி சொன்னேனேலே." அறுபத்தேழு வயது மனிதர். அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னவர்.

"சொன்னீங்க. எனக்குப் பயம் போகலண்ணே. அவளுக்கு அது எப்பவுமே கெடையாது. நான் அவ பின்னால ஒக்காந்துதான் மில்லுக்குப் போறேன், கடைக்குப் போறேன். எனக்கு அதுல வெக்கம் இல்ல. பெருமதான். ஒங்ககிட்டச் சொல்லத்தான் வெக்கப்பட்டுட்டேன்."

கருத்தப்பாண்டி வாய்க்காலில் எதையோ தேடுகிறவனாகத் திரும்பி நின்றுகொண்டான். அண்ணன் டாங்கை மூடினார். சாவியைத் திருகி எடுத்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பெரிய பெரிய துளிகளாக மழை விழ ஆரம்பித்தது.

ஜெயபாய் வந்து அவர் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "பேச்சப் பொறவு வச்சுக்கிடலாம் அத்தான். தடி நனைஞ்சா வழுக்கும்" என்றாள் அண்ணனிடம். ஹெல்மெட்டை மாட்டினாள். ஒரே உதையில் வண்டி உயிர்த்தது. குரங்குகள் மேல் கிளைக்குத் தாவின.

"நானும் ஏறுதேன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "ஏறுங்க. பின்னால கனம் இருந்தா டயர் பிடிக்கும். ஆடக்கூடாது" என்றாள்.

ஏறினேன். கம்பியைப் பிடிக்காமல் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். முன்சக்கரம் தென்னந்தடியில் ஏறியபோது பிடியை இறுக்கினேன். கீழே செம்மண் தண்ணீர். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கும் பி.டி. வாத்தியார் குரல்.

"கீழ பாக்காத! நேராப் பாரு! வேகத்தக் கொறைக்காத!"

முப்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஆனால் இந்தத் தடவை கடைசியில் "ஜெயா" என்று சேர்த்துச் சொன்னார்.

"அப்படித்தான் ஜெயா! அப்படியே போ!"

அவள் குறைக்கவில்லை. தடி ஒரு முறை முனகியது. அடுத்த நொடி டயருக்கு அடியில் கெட்டி மண் வந்துவிட்டது. கொட்டகைக்குள் போய், ஒரு வட்டம் அடித்து, நாளைக்கு எடுக்க வசதியாக வண்டியை வாய்க்காலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள். மழை தகரத்தின்மேல் கொட்டித் தீர்த்தது. காய்ந்த கொப்பரை வாசனை மூக்கில் ஏறியது. ஹெட்லைட் வெளிச்சம் மழைக்குள் நீண்டு, அக்கரையில் நின்ற அண்ணன்மேல் விழுந்தது.

குடைக்கு அடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ சொன்னார், தகரச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தார். சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டு, எங்களுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவர் எடுக்கிற படம் எதுவானாலும் அடுத்த நிமிடமே சபை குரூப்புக்குப் போய்விடும்.

ஜெயபாய் ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின்மேல் வைத்தாள். "எறங்குங்க" என்றாள்.

"செத்த நேரம் இரு" என்று சொல்லிவிட்டு, நான் பின் சீட்டிலேயே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.