மங்காத வெளிச்சம்

ஆய்வகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் குட்டி இழைகளில் எது எந்த மரபணுவின் இழையைப் பிடித்து வாயை அடைக்கும் என்று கணினியில் கணித்துச் சொல்வதுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை. அவள் நிரல் முதலிடம் கொடுத்த மரபணு பேராசிரியருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. மனிதர், வரப்போகும் மாநாட்டில் "புற்றுநோயின் சாவி" என்று முழங்க ஸ்லைடு தயாரித்து, நிஜமாகவே ஒரு சாவிப் படத்தையும் ஒட்டிவிட்டார்.

ஒரே ஒரு தடங்கல். எதிர்மேசை அக்கா அந்த மரபணுவோடு ஒளிரும் புரதம் ஒன்றைக் கோத்துச் செல்களில் சோதித்தாள். மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவைப் பிடித்தால் செல்களின் வெளிச்சம் மங்க வேண்டும். இதுவோ கடைத்தெரு விளக்கு மாதிரி எரிந்தது.

"உங்க கை சரியில்லம்மா. கணினி பொய் சொல்லாது. திரும்பச் செய்யுங்க" என்றார் பேராசிரியர், எல்லார் முன்னாலும்.

அக்கா திரும்பச் செய்தாள். வெளிச்சம் பேராசிரியரை மதிக்கவில்லை.

மறுநாள் அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு ஜோசியக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பொருந்தும்னு ஊருக்கே தெரிஞ்ச ஜோடி ஒண்ணை உள்ள போடுடி."

போட்டாள். பொருந்தவில்லை என்றது நிரல்.

"ரெண்டு இழையும் எப்படிப் படுக்கும்?"

"ஒண்ணோட தலைமாட்டுல இன்னொண்ணோட கால்..." ஜோசியக்காரி நிரலின் அந்த வரிக்குத் தாவினாள்.

"நீ நிரல்ல ரெண்டுக்கும் ஒரே பக்கம் தலகாணி போட்டிருக்க."

பட்டம் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. "அவர் உங்க கையைக் குறை சொன்னப்பவே என் நிரல்மேலதான் சந்தேகம்னு போட்டு உடைச்சிருக்கலாமேக்கா?"

"உடைச்சா நீ ஒரு வாரம் அழுவ. புதுசா யாரு கணிக்கறது? எனக்கு செல் காத்துக்கிட்டிருக்கு."

தலையணையை மாற்றியதும் சாவி மரபணு பட்டியலிலேயே இல்லை. ஜோசியக்காரி நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். "தப்பு என்னோடது சார். அக்கா கை சரியாத்தான் இருந்துச்சு."

அவர் திரையிலிருந்த சாவிப் படத்தைப் பார்த்தார். "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரு சந்தேகம்" என்றார், கூச்சமே இல்லாமல். மாநாட்டில் "கணிப்புகளில் எச்சரிக்கை" என்று பேசிக் கைதட்டலும் வாங்கினார். சாவியை மட்டும் விட மனசில்லை. அதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

புதுப் பட்டியலின் முதல் மரபணுவை அக்கா சோதித்தாள். "ஏய் ஜோசியம், இங்க வாடி!"

வெளிச்சம் மங்கியிருந்தது, மிக அழகாக.

"அக்கா, நான் உங்களுக்கு..."

"அதெல்லாம் ஆய்வேட்டுல எழுதிக்க. அடுத்த மரபணுவைச் சொல்லு."

அன்றைக்கே எழுதினாள். ஒரு அத்தியாயம்கூட இல்லாத ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் வரி: 'என் தவறை என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன அக்காவுக்கு.'

அதற்குக் கீழே பேராசிரியருக்கு நிறைய இடம் விட்டிருந்தாள். அவருக்கு அது தேவைப்படும்.