நூல் அளந்த தூரம்

நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற தம்பியின் விமான டிக்கெட்டுக்காக, ஆள் அனுப்புகிற ஏஜெண்ட்டிடம் நான் கையெழுத்துப் போட்ட கடன் அது. வட்டியில் ஒரு காசு குறைந்தாலும் ஆளை வாசலிலேயே நிறுத்திவைக்கிற மனுஷன் அவர்.

காலை ஆறு மணிக்கு விமானம். ஏஜெண்ட்டின் ஆளோடு தம்பி கண்ணாடிக் கதவுக்குள் போனான். நான் அங்கிருந்து நேரே கிடங்குக்கு வந்து மூட்டை இறக்க ஆரம்பித்துவிட்டேன். பதினோரு மணிக்குத் தம்பி மனைவி போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மாமா, இறங்கிட்டாராம்! மெசேஜ் வந்திருக்கு, படிங்க."

'பத்திரமாக இறங்கிவிட்டேன். கவலைப்பட வேண்டாம்.'

இரண்டு தரம் படித்தேன். நானும் தம்பியும் நாற்பது தாண்டிய பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவர்கள். அவனுக்கு 'ற' வரவே இல்லை. எல்லாத்துக்கும் 'ர'தான். "ஒரு ர போதும்ணே. ரெண்டு எழுதினா கூலி ரெட்டிப்பா தருவானா?" என்பான். இந்த மெசேஜில் 'ற' ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்க மாமா."

இருக்கலாம். ஆனால் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேருகிற தூரமா அது?

சாப்பாட்டு நேரத்தில் மூட்டை தைக்கிற சணல் நூலோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மகளின் பள்ளிக்கூட உலக உருண்டை அலமாரியில் இருந்தது. நம்ம ஊரில் ஒரு முனையை அழுத்தி, அவன் போகிற ஊர் வரைக்கும் நூலை இழுத்து வெட்டினேன். உருண்டையின் இடுப்பைச் சுற்ற அந்த மாதிரி ஐந்து நூல் பிடித்தது. பூமியைச் சுற்றிவர நாற்பதாயிரம் கிலோமீட்டர், எழுத்து வகுப்புப் புத்தகத்தில் படித்தது. ஐந்தில் ஒன்று எட்டாயிரம். மணிக்குத் தொள்ளாயிரம் பறக்கும், நடுவுல எங்கயும் நிக்காது என்று ஏஜெண்ட்டேதான் பெருமையடித்தார். மூட்டைச் சீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் கம்மி. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதேதான்.

மணி ஒன்றரை. கணக்குப்படி தம்பி இன்னும் வானத்தில் இருக்க வேண்டும். அவன் போனுக்கு அடித்தால் அணைந்து கிடந்தது.

"அப்போ மெசேஜ் அனுப்புனது யாரு மாமா?" என்றாள். நான் ஏஜெண்ட் ஆபீசுக்கு நடந்துபோய்க் கணக்கைச் சொன்னேன்.

"அங்க மணி வேறப்பா," என்று சிரித்தார் அவர். "இதுகூடத் தெரியாமயா வேர்க்க விறுவிறுக்க வந்த?"

"அங்க மணி என்னவா வேணா இருக்கட்டும் ஐயா. இங்க ஆறு மணிக்குக் கிளம்பினான், இங்க பதினொண்ணுக்கு மெசேஜ் வந்துது. ரெண்டும் நம்ம கடிகாரந்தானே."

சிரிப்பு நின்றது. "யாரு போட்டுக் குடுத்த கணக்கு?"

"நானே போட்டேன்."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தார்.

"நீ ஒண்ணும் தர வேணாம். வீட்டுக்குப் போ."

ஒரு காசுக்கு வாசலில் நிறுத்துகிறவர் மொத்தக் கடனையும் விடுகிறார்.

"ஐயா, கடன் இருக்கட்டும் ஐயா. மாசாமாசம் கட்டிடறேன். வட்டி வேணா ஏத்திக்குங்க. அவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பேனாவை எடுத்தார். என் பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து, 'முழுவதும் தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை என் சட்டைப் பையில் அவரே திணித்தார்.