பின்கேட்டுக்கு ஒரு கையெழுத்து

“அந்தக் கடுதாசிய எடுங்க சார். நான் படிக்கோணும்” என்றாள் சண்முகப்பிரியா.

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள் அம்மா காளியாத்தாள். பூங்கா சங்கச் செயலாளர் கந்தப்பன்தான் சண்முகப்பிரியாவுக்குக் காலேஜ் சீட்டு வாங்கித் தந்தவர். அவர் நீட்டிய தாளை அவர் முன்னாலேயே படிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை என்று, போன வாரம் அம்மா அவர் தந்த காபியைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். பூங்காவின் பின்கேட்டை அடைக்க இன்று செங்கல் வருகிறது என்றபோதுதான், அதன் பின்னால் வரிசையாக ஒண்டியிருக்கும் லைன்வீட்டுக்காரர்களுக்கு விஷயம் உறைத்தது. பூங்காவுக்குள் போக அவர்களுக்கு அந்த ஒரு வழிதான். முன்கேட்டில் சங்க அட்டை கேட்பார்கள்.

“படிச்ச புள்ளையல்ல, கேக்கத்தான செய்யும்” என்று சிரித்தபடி தாளை எடுத்து வைத்தார் கந்தப்பன்.

எங்கள் பையன்களால் தொந்தரவு, ஆகவே பின்கேட்டை அடைத்துவிடும்படி நாங்களே கேட்டுக்கொள்கிறோம் என்றிருந்தது. கீழே கோணலாகக் காளியாத்தாள் என்று அம்மாவின் கையெழுத்து. கையைப் பிடித்து அதை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் சண்முகப்பிரியாதான். கைநாட்டாகவே இருந்திருந்தால் யாராவது வாசித்தாவது காட்டியிருப்பார்கள்.

ஊஞ்சலும் சறுக்குமாகத் திறந்த பூங்கா அது. பிறகு இருபது வருஷம் கோழிக்கடைக் கழிவும் இடித்த வீட்டு மண்ணும் கொட்டி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஒன்பது மாதம், ஞாயிறுதோறும், லைன்வீட்டுப் பெண்கள் முள் வெட்டினார்கள். அம்மாவின் உள்ளங்கையில் முள் ஒடிந்து சீழ் வைத்தது. சங்கம் வந்தது அதற்கப்புறம், மரக்கன்றும் போட்டோக்காரருமாக.

“எந்தப் பையன் சார் தொந்தரவு பண்ணுனான்? பேரச் சொல்லுங்க.”

“பேரெல்லாம் எதுக்கு அம்மணி? கிருபாசங்கர் கம்பெனில உன்ற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். கெடுத்துக்காத கண்ணு.” குரல் ஏறவேயில்லை.

“புள்ளைக்கு வாய் நீளமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள் அம்மா.

சண்முகப்பிரியா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அம்மாவின் பெயரில் காலையிலேயே எழுதி வைத்திருந்தது. எனக்குப் படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது, பின்கேட்டை அடைக்கச் சம்மதமில்லை என்று ஒவ்வொரு வரியாக, கந்தப்பனுக்கும் கேட்கும்படி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“கேட்டல்ல? இப்ப உனக்கு இஷ்டமிருந்தாப் போடு.”

அம்மா பேனாவை வாங்கவில்லை. கந்தப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. சண்முகப்பிரியா ‘எனக்கு’ என்றிருந்ததை ‘என் அம்மாவுக்கு’ என்று திருத்தி, அம்மாவின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செருப்பைக்கூட நின்று மாட்டாமல், அந்தத் தாளோடு வெளியே நடந்தாள். தெருமுனையில் செங்கல் டிப்பர் திரும்பிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தது. அவள் நடுரோட்டிலேயே அதை நோக்கிப் போனாள்.