ஜன்னலோரப் படுக்கை

பெற்றோர் என்ற சொல்லை முதலில் எடுக்கவே கூடாது. எடுத்தால் ஆளாளுக்குத் தன் அம்மா முகம் கண்முன் வந்துவிடும். அப்புறம் நாம் சொல்வது யார் காதிலும் ஏறாது. முதலில் ஆஸ்பத்திரிக்காரனைப் பிடிக்க வேண்டும். காப்பீடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தலைவலிக்குக்கூட ஸ்கேன் எழுதுகிறானே, அவனை நாலு வார்த்தை திட்டினால் கூடமே கைதட்டும். கைதட்டிய சூடு ஆறுவதற்குள் பிரீமியம். அதற்குப் பிறகுதான், போகிற போக்கில் சொல்வதுபோல, பெற்றோர்.

பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதே அவள் மனதுக்குள் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. அவளுக்குத் தன் வாய்மேல் நம்பிக்கை அதிகம். மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் அவள் பிழை திருத்துகிறவள். ஆனால் எல்லோரும் கூப்பிடுவது வக்கீல் என்று. அங்கே எந்த விதியை மாற்றுவதென்றாலும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் ஆதரித்தும் ஒருவர் எதிர்த்தும் பேசிய பிறகுதான் கை தூக்குவார்கள். அவளுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் ஜெயித்துவிடும். சீருடை வேண்டும் என்று பேசி ஜெயித்தாள். அடுத்த வருடம் வேண்டாம் என்று பேசி, அதையும் ஜெயித்தாள்.

இந்த முறை, அன்று மத்தியானம், மேனேஜரே அவள் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வக்கீலம்மா, காப்பீட்டு பிரீமியம் கண்டபடி ஏறிடுச்சு. பெத்தவங்களை அதுலேருந்து எடுத்துட்டா பாதியாக் குறையும். எல்லாருக்கும் சம்பளத்துல பிடிக்கறதும் குறையும். நீங்க ஆதரிச்சுப் பேசணும்."

"என் மாமனாரும் அதுலதான் சார் இருக்காரு. வாரம் தவறாம டயாலிசிஸ்."

"தெரியாமலா கேக்கறேன்? அவரை மட்டும் கம்பெனி தனியாப் பாத்துக்கும். அது நமக்குள்ள இருக்கட்டும்."

"எதிர்த்து யார் பேசறது?"

"எக்ஸ்பிரஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். தங்கமான மனிதன்தான். ஆனால் பேச்சை எடுத்தால் எந்த நிலையத்திலும் நிற்க மாட்டான். கேட்டவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

"எழுதிப் பாக்கறேன் சார்" என்றாள்.

மேனேஜர் சொன்னதில் பொய்யில்லை. விலை ஏறுவதை அவளுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதே மருந்து, அதே பெட்டி, அதே படம். விலை போட்ட வரி மட்டும் மாறி மாறி அவள் மேஜைக்கு வந்துகொண்டேயிருக்கும். யாராவது எங்கேயாவது குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இது நியாயமான வாதம். நியாயமான வாதத்தை எழுதுவது அவளுக்குச் சிரமமே இல்லை.

மறுநாள் விடுமுறை. காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். எழுதியதைச் சரிபார்க்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. அச்சகத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார், கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட விடாமல் சொல்லிக்கொண்டு. இன்னொருவர் தாளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு வருவார். இருவருமே பொருளுக்குள் போகக் கூடாது. போனால் எழுத்து நழுவிவிடும். வீட்டில் அவளுக்குப் படித்துக் காட்டுகிறவர் மாமனார். ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். உடம்பு மெலிந்துவிட்டது, குரல் மட்டும் இன்னும் கணீரென்று இருக்கிறது.

அவர் கையில் ஒரு பிரதி, அவள் மடியில் ஒன்று.

"'நம் எல்லோர் தலையிலும் இந்தச் சுமை ஏறுவதற்குக் காரணம் கமா முடிவே இல்லாத சிகிச்சையில் இருக்கும் முதியவர்கள் முற்றுப்புள்ளி.'" அவர் நிறுத்தினார். "அம்மாடி, இது நான்தானே?"

அவர் முகத்தில் கோபமில்லை. கல்யாணப் புகைப்படத்தில் கடைசி வரிசையில் தன்னைக் கண்டுபிடித்தவர்போல இருந்தார்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கம்பெனி தனியாப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப சரி. சும்மா சொல்லக் கூடாது, நல்லா எழுதியிருக்க. எனக்கே கை தூக்கணும்போல இருக்கு." கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனவர், மறுபடி தலையைத் தூக்கினார். "அப்ப எக்ஸ்பிரஸோட அம்மா இனிமே டயாலிசிஸுக்கு வர மாட்டாங்களா?"

அவள் மடியிலிருந்த தாளை நேராக்கினாள். அவரே தொடர்ந்தார்.

"ஜன்னலோரப் படுக்கைக்கு எனக்கும் அந்த அம்மாவுக்கும் எப்பப் பாத்தாலும் சண்டை. முன்னாடியே வந்து துண்டைப் போட்டு வச்சிடும். இனிமே ஜன்னல் எனக்குத்தான்!"

சொல்லிவிட்டு அவர் பலமாகச் சிரித்தார். அவள் சேர்ந்து சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, விசுவாசமாக மறுபடி படிக்கத் தொடங்கினார். கமா. முற்றுப்புள்ளி. கமா.

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. இப்போதுதான் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எக்ஸ்பிரஸின் அம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். மாமனாரை அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரு ஆப்பிளை நறுக்கிப் பாதியை அவள் கையில் திணிக்கிற அம்மாள். அந்த அம்மாளை 'முதியவர்கள்' என்ற சொல்லுக்குள் போட்டு மூடியபோது அவளுக்கு அந்த ஆப்பிள் நினைவுக்கு வரவில்லை. பேச்சு எடுபடும் என்ற சந்தோஷம்தான் இருந்தது. எந்தப் பக்கத்தையும் ஜெயிக்க வைப்பவள் என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறாள். அந்தப் பக்கங்களில் ஒன்றாவது அவள் தேர்ந்தெடுத்ததா?

வெட்கமாக இருந்தது. ஆனால் அது வெகுநேரம் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே ஒரு தெளிவு வந்தது; கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதுபோல.

"போதும் மாமா. மீதியை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். "பேச்சு ரெடியா?"

"நான் பேசல சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"வேற எதாவது எதிர்பாக்கறீங்களா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

"இல்ல சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமனாரை நினைச்சுப் பாத்தீங்களா? நீங்க பேசலேன்னா அந்த ஏற்பாடு கிடையாது."

"அவர் எல்லாரோட சேர்ந்தே இருக்கட்டும். இருந்தா எல்லாரும் இருக்கட்டும்."

"எக்ஸ்பிரஸை நம்பியா? அவன் பேசறது அவனுக்கே புரியாதேம்மா!"

"புரியும் சார். ஆஸ்பத்திரிக்காரனைப் பத்தி எழுதின பாகம் நல்லா வந்திருந்தது, அதை அவர்கிட்டக் குடுத்துட்டேன். பெத்தவங்களை எடுக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியோட உக்காந்து கட்டணத்தைப் பேசிக் குறைங்கன்னு கேக்கப் போறாரு. நான் பக்கத்துலயே இருப்பேன். கமா வர்ற எடத்துல முழங்கையால ஒரு இடி."

மேனேஜருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வக்கீலம்மா, கடைசியாக் கேக்கறேன்."

அவள் அடுத்த அட்டையின் மெய்ப்புத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். விலை வரி மறுபடியும் மாறியிருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், இல்லை என்று.