கருங்குதிரை தெரிந்த வாரம்

தோக்குரா மலையின் வடமுகத்தில் கருங்குதிரை தெரிந்துவிட்டது. பனி உருக உருக அடியிலிருக்கும் பாறை குதிரை வடிவில் வெளியே வரும். அதைப் பார்த்துத்தான் அடிவாரத்து ஊர் முழுக்க ஒரே வாரத்தில் நாற்று நடும். ஓடைத் தண்ணீர் முறைவைத்து வருவதால் யாரும் நாள் தள்ளிப்போட முடியாது.

நுயி மட்டும் மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வடமுகப் பாறைச்சுவரில் கோடையில் முதலில் ஏறியவர்கள் டோக்கியோ மாணவர்கள். மூட்டை சுமந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பெயர் யாருக்குப் போயிற்று என்று சொல்லவா வேண்டும்? குளிர்காலத்தில் இன்னும் யாரும் ஏறவில்லை என்பதற்காகவே ஜனவரியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வழிகாட்டிப் போன அவள் புருஷன் தொகுசோவைப் பனிச்சரிவு ஓடைப் பள்ளத்துக்குள் வாரிக்கொண்டு போயிற்று. வந்த இருவரும் பிழைத்தார்கள். நன்றாக இருக்கட்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. சோறு ஆக்கினாள், ஊறுகாய்ப் பீப்பாயைக் கழுவினாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது காதில் விழுந்தும் எதுவும் உறைக்கவில்லை.

கொழுந்தன் சேக்கிச்சி ஊர் ஆண்களோடு வந்தான். ஓடைமேல் கூரைபோல் நிற்கும் பனி மெலிந்துவிட்டது, இப்போது போய்த் தோண்டினால் அண்ணன் கிடைப்பார் என்றான். கூரை இடிந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் எலும்புகூட மிஞ்சாது. ஆனால் தேடப் போனால் நடவு கெடும். அண்ணியே முடிவு சொல்லட்டும் என்றார்கள். ஊரின் வயிற்றுப்பாட்டை அவள் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், மகா யோக்கியர்கள்!

"நட்டுட்டுப் போங்க. அவரு எங்கயும் ஓடிட மாட்டாரு," என்றாள் நுயி.

நடவின் இரண்டாம் நாள் மலைப்பக்கம் இடிபோல ஒரு சத்தம். வாய்க்காலில் தண்ணீர் சட்டென்று வற்றியது. வயலில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பனிக்கூரை விழுந்து ஓடையை அடைத்துவிட்டது என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடைப்பு உடைந்து, கலங்கிய தண்ணீர் திமுதிமுவென்று வந்தது.

சேக்கிச்சி நாற்றுமுடியை நழுவவிட்டான். "அண்ணன் போயிட்டாரு அண்ணி."

"நாத்து மிதக்குது பாரு தம்பி, எடு."

அவள் குனிந்து ஒன்று நட்டாள், இன்னொன்று நட்டாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கை அப்படியே நின்றது.

"குளுருது," என்றாள். பிறகு கொழுந்தனைப் பார்த்துக் கேட்டாள்: "ஜனவரியிலேர்ந்து இதுக்குள்ளயா கெடந்தாரு?"

நுயி சேற்றிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.