வழுக்கி விழுந்த இடம்

என் சர்க்கரை மாத்திரை அட்டையை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, நாளைக்கு நீங்க ஒரு பொய் சொல்லணும்" என்றார் வார்டர் செந்தூர்வேல். எழுபத்திரண்டு வயதில் ஒருவனை அவன் திறமைக்காகத் தேடி வருகிறார்கள் என்றால் சாதாரண விஷயம் இல்லை. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் மரியாதையாக எழுந்து நின்றேன்.

பொய்யில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தக் கிளைச்சிறைக்குள் வந்ததே அதனால்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் என் மளிகைக்கடைக்குப் பின்னால் உள்ள கிட்டங்கியில் பதினாறு மூட்டை பீடி இலை இருந்தது. இலங்கைக்குப் போக வேண்டிய சரக்கு. யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு திமிங்கலம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது என்றேன். புதுக்கோட்டையில் கடலே இல்லையே என்றார். அதுதான் எனக்கும் ஆச்சரியம் என்றேன். அவர் திமிங்கலத்தைத் தேடவில்லை. என்னை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்.

சிறை எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் போகலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். பதினெட்டுப் பேருக்கான இடத்தில் முப்பத்தொரு பேர் கிடந்தோம். கொசுக்கள் பதிவேட்டில் நம்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் கடிக்கும். முற்றத்துச் சுவரில் நீலப் பலகை ஒன்று. 'கைதிகளின் உரிமைகள்' என்று தலைப்பிட்டு ஒன்பது வரிகள். வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிப்பதற்காக வைத்தது, படிப்பதற்காக அல்ல என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இசக்கிராஜாவுக்குத் தெரியவில்லை.

அவன் ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாருகிறவன். டீக்கடைச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு வந்திருந்தான். அறுபது நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்கலாம் என்று எவனோ அவனிடம் சொல்லிவிட்டான். அறுபத்து நாலாம் நாள் காலையில் பலகைக்கு முன்னால் நின்று, "மூன்று. வசதி இல்லாதவர்களுக்கு இலவச வக்கீல்" என்று சத்தமாகப் படித்தான். பிறகு ஓட்டலில் தோசைக்குச் சொல்கிற மாதிரி, "சார், எனக்கு மூணாம் நம்பர் ஒண்ணு" என்றான்.

செந்தூர்வேல் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவன் வலது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, புதிதாக இன்னொரு மூட்டு முளைத்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தத் தரை ஆளைப் பார்த்துத்தான் வழுக்கும். காக்கி உடுத்த யாரும் அதில் விழுந்து நான் கேள்விப்பட்டதில்லை.

நாலு நாளாக அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் டாக்டர் ஏதாவது எழுதித் தொலைப்பார். பிஸ்கட் அட்டையை வைத்துத் துண்டால் கட்டியிருந்தான். விரல்கள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. இப்படியே எலும்பு ஒட்டிக்கொண்டால் உப்பு வாரும் பலகையை அவன் இனிப் பிடிக்க முடியாது. மறுநாள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு பெண் நீதிபதி மாதாந்திரப் பார்வைக்கு வருகிறார். வாயைத் திறந்தால் இடது கையும் இருக்கிறது என்று அவனிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு சாட்சியும் இருந்தால் நல்லது என்று செந்தூர்வேலுக்குப் பட்டிருக்கிறது.

"அந்தப் பய வழுக்கி விழுந்ததை நீங்க கண்ணால பாத்தீங்க. வயசானவுக, நெத்தி நிறையத் திருநீறு. ஜட்ஜம்மா நம்புவாவ."

"எப்படி விழுந்தான்னு சொல்ல?"

"அது உங்க இஷ்டம். கொஞ்சம் கண்ணு மூக்கு வச்சுச் சொல்லுங்க. உங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

"மாத்திரை?"

"சொல்லி முடிச்சதும்."

மாத்திரை போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. பாதம் இரண்டும் என்னுடையவை அல்லாத மாதிரி மரத்துக்கொண்டு வந்தன. சரி என்றேன்.

முப்பது பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் இசக்கிராஜா எழுந்து வந்து என் காலடியில் துப்பினான்.

"த்தூ. கிழட்டு நாயே, ஒரு மாத்திரைக்கா?"

"ஒரு மாத்திரை இல்லலே, ஒரு அட்டை. பத்து இருக்கு" என்றேன்.

தருவைகுளத்து பைக் திருடன் ஜெனிஸ் எனக்குப் பக்கத்துப் பாய்க்காரன். என் கதை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு என் பாயைச் சுருட்டிக் கக்கூஸ் ஓரத்தில் எறிந்தான். "அங்கன போய்ப் படும். உம்ம நாத்தத்துக்கு அதுதான் சரி."

மறுநாள் பத்தரை மணிக்கு நீதிபதி வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் சாம்பாரில் பருப்பு இருந்தது. பதிவேட்டைப் புரட்டினார், இசக்கிராஜாவைக் கூப்பிட்டார். "குளியலறையில விழுந்தியா?" அவன் தரையைப் பார்த்தான். செந்தூர்வேல் ஓரடி முன்னால் வந்து, நேரில் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றார். என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் நீதிபதி. குரலில் ஈரமே இல்லை.

"பாத்தேன்மா. அந்தக் குழாயைத் திறந்தா அடைக்க முடியாது. ராப்பகலா ஊத்துது. தாமிரபரணி கடலுக்குப் போறதை விட்டுட்டு இங்கனதான் வந்து சேருதுன்னு நினைக்கேன்."

செந்தூர்வேல் திருப்தியாகத் தலையாட்டினார்.

"தரையெல்லாம் பாசி. ரெண்டு மாட்டுக்கு அறுத்துப் போடலாம். தண்ணி முழங்கால் மட்டும் நிக்கி."

முழங்கால் என்றதும் செந்தூர்வேலின் தலையாட்டல் நின்றுவிட்டது.

"பத்து நாளாக் கிடக்க தண்ணியாம்மா, விரால் மீன் குஞ்சு பொரிச்சிட்டு. இந்தப் பய சோப்பை எடுக்கக் குனிஞ்சான். என் தொடை கனத்துல ஒரு விரால் காலுக்கு நடுவுல புகுந்துச்சு. இவன் மல்லாக்க விழுந்தான். மீனுக்கும் நல்ல அடி. அன்னைக்கு சார் வீட்டுல அந்த மீன்தான் குழம்பு."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவை மூடினார்.

"இது உங்க கடைத்தெரு இல்லை. கேலி பண்றீங்கன்னு எழுதினா உங்க ஜாமீன் என்ன ஆகும்னு தெரியுமா?"

"எழுதுங்கம்மா. ஒரு தடவை பாத்துட்டு எழுதுங்க. பத்தடிதான்."

என்னை மாட்டிவிடுவதற்காகத்தான் அவர் எழுந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொய்யனைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் படித்தவர்களுக்கு ஒரு ருசி உண்டு. செந்தூர்வேல் குறுக்கே வந்து, "மேடம், உள்ள நாத்தம், நீங்க எதுக்கு" என்றார். அதற்குப் பிறகு நீதிபதியின் நடை வேகமாகிவிட்டது.

கதவைத் தள்ளினார்கள். உள்ளே மூன்று வெங்காய மூட்டை சாய்ந்து நின்றது. சிமெண்டுத் தரை தூசி படிந்து வெளுத்துக் கிடந்தது. நீதிபதி கால் வைத்த இடத்தில் செருப்புத் தடம் பதிந்தது. குழாயைத் திருகினார். அது காசநோய்க்காரனைப் போல இரண்டு முறை இருமியது. குழாய் வாயில் வலை பின்னியிருந்த சிலந்தி வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது.

"தண்ணி எத்தனை நாளா வரலை?"

"இன்னைக்குக் காலையிலதான் மேடம் மோட்டாரு..." என்று ஆரம்பித்தார் செந்தூர்வேல்.

"பதினோரு நாளு" என்றான் வரிசையிலிருந்து ஜெனிஸ். "ஆளுக்கு ஒரு வாளி. லாரித் தண்ணி. முத்தத்துலதான் குளிக்கோம்."

நீதிபதி பதிவேட்டை வாங்கி, நாலு நாளுக்கு முந்தைய அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு, "எந்த இடத்துல வழுக்குச்சு? காட்டுங்க" என்றார். செந்தூர்வேல் தரை முழுவதும் தேடினார். ஒரு இடமும் அகப்படவில்லை.

இசக்கிராஜா பல்லாலும் இடது கையாலும் துண்டை அவிழ்த்தான். நீதிபதி அந்தக் கையை ஒரு தடவைதான் பார்த்தார். நின்றுகொண்டே எழுதினார். உடனே ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, டாக்டர் குறிப்பு நேராகக் கோர்ட்டுக்கு. நாளைக்குள் வக்கீல். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் குளியலறைக்குத் தண்ணீர். செந்தூர்வேல் பேரில் அறிக்கை. கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னது அத்தனையும் பொய்."

"ஆமாம்மா."

"அதையும் எழுதியிருக்கேன்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இசக்கிராஜா என் முன்னால் நின்றான். முகம் மாறவில்லை. "வே, நேத்து துப்புனது துப்புனதுதான். திருப்பி எடுக்க முடியாது."

"வேண்டாம், வச்சுக்கிடுதேன்" என்றேன்.

ஜீப் சத்தம் ஓய்ந்தது. செந்தூர்வேல் என் மாத்திரை அட்டையை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டார். பத்தையும் எண்ணி முடித்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அறிக்கை மேலே போய், அதை யாரோ படித்து, இவரை மாற்றுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் ஓடியது. நீதிபதியின் உத்தரவு. பதினோரு நாளுக்குப் பிறகு குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெங்காய மூட்டைகள் வெளியே வந்தன. செந்தூர்வேல் பேண்டை முழங்காலுக்கு மடித்து விட்டுக்கொண்டு உள்ளே போய், சோப்புத்தூள் பாக்கெட்டைக் கடித்துக் கிழித்தார். வாளி வாளியாக ஊற்றினார். வெகுநேரம் ஊற்றினார். பிறகு வாசலில் நின்று, துவைத்த சட்டை மாதிரிச் சுத்தமான குரலில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, முதக் குளி உங்களுக்குத்தான். வாங்க."

எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஜெனிஸ் தன் பாயைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். குளியலறைப் படியைத் தாண்டி நுரைத் தண்ணீர் வழிந்து, வெயிலில் மின்னிக்கொண்டு, அவசரமில்லாமல் என்னை நோக்கி வந்தது. கால் விரலைத் தொட்டது, பாதத்துக்கு அடியில் போனது. தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். கால் நனைந்ததே எனக்குக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது.